சைக்கிள் ஓட்டும்போது சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போகின்றன, ஜெல் கிளவுஸ் போட்டால் சரியாகுமா?

கிளவுஸ் மட்டும் போட்டால் சரியாகாது. இரண்டு ஜோடி வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

எனக்கு இது வந்தது ஈசிஆர் வழியாகப் போன ஒரு 200 கிலோமீட்டர் பிரெவேயில், அதாவது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்தில். 13.5 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டுமே என்ற அவசரம், மாமல்லபுரம் தாண்டியதிலிருந்தே வலது கையில் அந்த இரண்டு விரலும் மதமதவென்று இருந்தும் கண்டுகொள்ளாமல் மிதித்துக்கொண்டே இருந்தேன். வீட்டுக்கு வந்தால் சட்டைப் பட்டன் போட வரவில்லை. மறுநாள் பூட்டில் சாவியைத் திருப்பக்கூடக் கட்டை விரலில் வலு இல்லை, பக்கத்து வீட்டுப் பையனைத்தான் கூப்பிட்டேன்.

முழங்கையை இடித்துக்கொண்டால் சுர்ரென்று சுண்டு விரல் வரை ஓடுமே, அதே அல்நார் நரம்புதான் இது. மணிக்கட்டு ரேகைக்குப் பக்கத்தில், சுண்டு விரல் பக்கமாக அழுத்திப் பாருங்கள், பட்டாணி மாதிரி ஒரு எலும்பு தட்டுப்படும். அதை ஒட்டி, கியோன் கால்வாய் என்கிற குறுகலான வழியாகத்தான் நரம்பு உள்ளங்கைக்குள் போகிறது. நாம் மணிக்கட்டைப் பின்னால் மடக்கி, உடம்புப் பாரத்தையெல்லாம் சரியாக அந்த இடத்தில்தான் ஹேண்டில்பார் மேல் இறக்குகிறோம்.

பாரம் ஏன் கைக்கு வருகிறது என்று பார்க்க வேண்டும். என் விஷயத்தில் தப்பு சீட்டில் இருந்தது. உட்காருமிடம் வலிக்கிறது என்று நானே அதன் மூக்கைக் கீழே சாய்த்து வைத்திருந்தேன், அதனால் உடம்பு முன்னால் வழுக்க, கை நாள் முழுக்க அதைத் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தது. தெருவில் வேலை பார்த்த கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி சீட்டின் மேல் வைத்தேன், குமிழ் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது! சீட்டை மட்டமாக்கி, அடியில் ஸ்பேசர் வளையம் போட்டு ஹேண்டில்பாரை 2 சென்டிமீட்டர் உயர்த்தி, 32 மிமீ டயரில் காற்றழுத்தம் 85 பிஎஸ்ஐ வைத்திருந்ததை 65க்கு இறக்கினேன், ரோட்டின் அதிர்வு பாதி குறைந்த மாதிரி இருந்தது. அப்புறம் என்னுடையது நேரான ஃபிளாட் பார், அதில் பிடியை மாற்ற வழியே இல்லை, இரண்டு முனையிலும் பார் எண்ட் என்கிற கொம்பு மாதிரி கைப்பிடி மாட்டினேன். முழங்கையை விறைப்பாக வைக்காதீர்கள்.

கட்டை விரல், ஆள்காட்டி, நடு விரல் மரத்துப்போனால் அது வேறு நரம்பு, மணிக்கட்டின் நடுவே கார்ப்பல் டனல் என்கிற வழியாகப் போவது.

ஓட்டி முடித்துக் கொஞ்ச நேரத்தில் மரப்பு போய்விட்டால் மேலே சொன்னதைச் செய்து பாருங்கள். இரண்டு நாளாகியும் போகவில்லை, அல்லது கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு தாளை வைத்து யாராவது இழுத்தால் பிடிக்க முடியவில்லை என்றால் நரம்பியல் டாக்டரிடம் போங்கள். மரப்பே இல்லாமல் வலு மட்டும் குறைவதும் உண்டு, வலிக்கவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். என்னை சைக்கிளைத் தொடாதே என்றார்கள், பட்டன் ஒழுங்காகப் போட ஐந்து வாரம் ஆனது.

கிளவுஸ் இப்போதும் போடுகிறேன், மெல்லிசானது, விழுந்தால் உள்ளங்கை சிராய்க்காமல் இருக்க.