ஆல்ப்ஸின் கான்கிரீட் ஊர்கள்: மரவீடுகளாகக் கட்டியிருக்கலாமா?

"பிரெஞ்சு ஆல்ப்ஸில் 1960-களில் எழுந்த பனிச்சறுக்கு ஊர்களில் ஏன் இத்தனை கான்கிரீட் அடுக்குமாடிகள்? அழகான மரவீடுகளாகக் கட்டியிருக்கக் கூடாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மரவீடுகளாகக் கட்டியிருந்தால் மலை இன்னும் மோசமாகச் சிதைந்திருக்கும் என்பது என் உறுதியான எண்ணம். கட்டடக்கலை படித்தவன் என்பதால் கான்கிரீட்டுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஆயிரக்கணக்கானோர் தங்குவதற்குத் தனித்தனி வீடுகள் வேண்டுமென்றால், ஒவ்வொன்றுக்கும் சாலை, கழிவுநீர்க் குழாய், மின்கம்பி, கார் நிறுத்துமிடம் என்று புல்வெளி முழுவதையும் கூறுபோட வேண்டியிருக்கும். அத்தனை பேரையும் சில நீண்ட கட்டடங்களில் அடக்கினால் மிச்சமுள்ள சரிவு சரிவாகவே இருக்கும்.

எனக்கு நன்கு தெரிந்த லெஸ் ஆர்க் என்ற பனிச்சறுக்கு ஊரையே எடுத்துக்கொள்கிறேன். சவோய் பகுதியில் பூர்க்-சாந்-மொரீஸ் ஊருக்கு மேலே இருக்கிறது. அந்த மலைகளை நன்கறிந்த வழிகாட்டி ரொபேர் பிளானும் தொழில்முனைவர் ரொஜே கொதினோவும் சேர்ந்து தொடங்கிய திட்டம் இது. கட்டடக் கலைஞர்களின் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஷார்லொத் பெரியான். 1903-இல் பிறந்த அவருக்கு அப்போது வயது அறுபதைத் தாண்டியிருந்தது. நவீனக் கட்டடக்கலையின் முன்னோடிகளில் ஒருவரான லு கொர்பூசியேயுடன் பணியாற்றியவர், மலையேறுவதில் தீராத ஆர்வம் கொண்டவர். 1968-இல் ஆர்க் 1600 திறக்கப்பட்டது. 1974-இல் ஆர்க் 1800, அதன் பின் ஆர்க் 2000. பெயரிலுள்ள எண்கள் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்பதைக் குறிப்பவை.

ஆர்க் 1600-இல் உள்ள கட்டடங்களை நிதானமாகப் பார்க்க வேண்டும். லா காஸ்காத் என்ற கட்டடத்தின் தெற்கு முகம் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் ஒரு மாடத்தின் நிழல் கீழுள்ள மாடத்தில் விழாது. எல்லோருக்கும் வெயில் கிடைக்கும். வேறு சில கட்டடங்கள் சரிவோடு சரிவாக இறங்குகின்றன. மேலே நிற்பவருக்குக் கூரை மட்டுமே தெரியும், எதிரே உள்ள மலைக்காட்சி மறையாது. கார்கள் ஊரின் விளிம்போடு நின்றுவிடும். உள்ளே அறைகள் மிகச் சிறியவை. ஆனால் சமையல் செய்பவர் தனியே சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது என்று சமையலிடத்தைத் திறந்தே வைத்தார் பெரியான். பனி இல்லாத சில மாதங்களுக்குள் வேலையை முடித்தாக வேண்டும் என்பதால், பின்னர் ஆர்க் 1800-இல் குளியலறைகளைத் தொழிற்சாலையில் பாலியெஸ்டரில் வார்த்து முழுசாகக் கொண்டுவந்து பொருத்தினார்கள். மலையின் குறுகிய கோடையைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பிறந்த வடிவமைப்பு இது. எனக்கு இதில் மிகுந்த மரியாதை உண்டு.

அப்படியானால் குறையே இல்லையா? இருக்கிறது. ஆனால் அது கான்கிரீட்டில் இல்லை, பணம் புரண்ட விதத்தில் இருக்கிறது. அந்தத் தலைமுறை ஊர்களில் நிலம், லிஃப்ட் (பனிச்சறுக்குவோரைச் சரிவின் மேலே ஏற்றிச்செல்லும் கம்பிவட இருக்கைகளும் பெட்டிகளும்), வீட்டு விற்பனை மூன்றும் பெரும்பாலும் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தன. லிஃப்ட் அமைக்கப் பெருஞ்செலவாகும், டிக்கெட் வருமானம் அதை மெல்லத்தான் ஈடுகட்டும். ஆகவே குடியிருப்புகளை விற்ற லாபம் லிஃப்டுக்குப் போயிற்று. புதிய லிஃப்ட் வேண்டுமானால் புதிய குடியிருப்புகளை விற்க வேண்டும், அவற்றில் தங்குவோருக்கு மீண்டும் லிஃப்ட் வேண்டும். மலைகளில் பனிச்சறுக்கு ஊர்களை உருவாக்க 1964-இல் தொடங்கிய அரசின் 'பனித் திட்டம்' இந்த முறைக்குத் துணை நின்றது. 1977-இல் வல்லூயீஸ் என்ற மலையூரில் மலையின் இயற்கையைக் காக்க வேண்டும் என்று குடியரசுத் தலைவர் ஜிஸ்கார் தெஸ்தேன் ஆற்றிய உரையோடு காற்று திசை மாறியது. மலைகளில் கட்டடம் எழுப்புவதை நெறிப்படுத்தும் மலைச் சட்டமும் 1985-இல் வந்தது.

விற்ற வீடுகளோ பல ஆயிரம் தனி உரிமையாளர்களின் கையில் சிதறிவிட்டன. ஆண்டில் சில வாரங்கள் மட்டுமே திறக்கப்படும் இத்தகைய வீடுகளைப் பிரான்சில் 'குளிர்ந்த படுக்கைகள்' என்கிறார்கள். இருக்கும் வீடுகள் பூட்டிக் கிடக்க, விருந்தினருக்கு இடம் போதவில்லை என்று சொல்லிப் பக்கத்திலேயே புதிதாகக் கட்டுவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. புதிய கட்டடங்கள் மரப்பலகை போர்த்தியவையாக இருந்தாலும் தோண்டப்படுவது அதே மலைதான். பழைய குடியிருப்புகளைப் புதுப்பித்து வாடகைக்கு விடும் உரிமையாளர்களுக்குக் கைகொடுப்பதே இன்று மிக அவசரமான வேலை.

நேரில் பார்க்க விரும்பினால் ரயிலில் போங்கள். பூர்க்-சாந்-மொரீஸ் நிலையத்துக்கு அருகிலிருந்து 1989-இல் தொடங்கிய கேபிள் ரயில் ஏழே நிமிடங்களில் ஆர்க் 1600-இல் கொண்டுபோய்விடும். அங்கே லா காஸ்காத்தைப் பார்த்துவிட்டு, 2000-களில் பழைய மலைக்கிராமம் போன்ற தோற்றத்தில் எழுப்பப்பட்ட ஆர்க் 1950-க்கும் போய் வாருங்கள். பெரும்பாலோருக்கு இரண்டாவதுதான் உடனே பிடிக்கும். என் ஓட்டு முதலாவதுக்கே.