கோர் டம்ப்: எந்தக் கோர்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

லினக்ஸில் நிரல் பாதியில் முறிந்தால் 'கோர் டம்ப்டு' என்று வருகிறது. இது 'குவாட் கோர்' பிராசஸரின் கோர்தானா? 'மையக் கொட்டல்' என்று ஒரு மொழிபெயர்ப்பில் பார்த்தேன், சரியா? கொட்டிய கோப்பும் கண்ணில் படவில்லையே?

ர.

அன்புள்ள ர.,

இது வேறு கோர். மையத்துக்கு இங்கே வேலையே இல்லை. மின்மாற்றியில் கம்பி சுற்றிய இரும்பைப் பாடநூல்கள் உள்ளகம் என்கின்றனவே, அந்தக் கோர்.

1953இல் எம்ஐடியின் வேர்ல்விண்ட் கணினியில் காந்த உள்ளக நினைவகம் பொருத்தப்பட்டது; ஜே ஃபாரஸ்டர் குழுவின் வேலை. பாசிமணி போன்ற ஃபெரைட் வளையங்கள், அவற்றின் ஊடே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள். வளையத்துக்கு ஒரு பிட். வளையத்துக்குள் காந்தப்புலம் வலமாகச் சுற்றுகிறதா இடமாகவா என்பதுதான் 0, 1. சூட்சுமம் பாதி மின்னோட்டத்தில் இருக்கிறது. குறுக்குக் கம்பியில் பாதி, நெடுக்குக் கம்பியில் பாதி அனுப்பினால், இரண்டும் சந்திக்கும் வளையம் மட்டுமே திசை மாறும். படிக்கும்போதோ வளையத்தை 0 பக்கம் தள்ளிப் பார்ப்பார்கள்; 1 இருந்திருந்தால் உணர்கம்பியில் ஒரு துடிப்பு எழும். படித்தாலே அழிந்துவிடும் என்பதால் உடனே திருப்பி எழுத வேண்டும். மின்சாரம் போனால் மட்டும் அழியாது!

இதனால் 'கோர்' என்றாலே முதன்மை நினைவகம் என்றாகிவிட்டது. நிரல் கெட்டதும் அதில் இருந்ததை எண்களாகத் தாளில் அச்சிட்டுக் கொட்டுவது டம்ப். 1970இல் இன்டெல் 1103 நினைவகச் சில்லு வந்தபின் வளையங்கள் மெல்ல ஒழிந்தன. யூனிக்ஸ் கோப்புக்கு வைத்த 'கோர்' என்ற பெயர் ஒழியவில்லை. 'நினைவகக் கொட்டல்' என்பதே என் தேர்வு. 'உள்ளகக் கொட்டல்' வேர்ப்படி சரிதான், ஆனால் யாருக்குப் புரியும்?

இனி கோப்பு. அந்தச் சொற்கள் வந்திருந்தால் லினக்ஸின் உட்கருவான கர்னல் கொட்டிவிட்டது. எங்கே என்பதை ப்ராக் அடைவில் சிஸ், கர்னல் என்று இறங்கி 'கோர் பேட்டர்ன்' கோப்பில் பாருங்கள். முதல் எழுத்து நெடுங்கோடு (|) என்றால் கொட்டியது வேறொரு நிரலின் கைக்குப் போயிருக்கிறது. சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி உள்ள கணினியில் 'கோர்டம்ப்சிடிஎல் லிஸ்ட்' என்ற கட்டளை காட்டிக்கொடுக்கும். நெடுங்கோடு இல்லாமல் வெறும் பெயர் இருந்தால், நிரல் கிடக்கும் அடைவில் தேடாதீர்கள். ஓடும்போது அது எந்த அடைவில் நின்றதோ அங்கே கிடக்கும்.

ஜிடிபி என்ற பிழைதிருத்தியில் அந்தக் கோப்பைத் திறக்கும்போது, முறிந்த அதே பைனரியை (கம்பைல் செய்த நிரல் கோப்பை) கொடுங்கள். இடையில் மறுபடி கம்பைல் செய்திருந்தால் அது காட்டும் வரி எண்களை நம்ப முடியாது.