ஏற்காடு இறக்கத்தில் காலி பிக்கப் வழுக்குவது பற்றி
மழையில் ஏற்காட்டில் லோடு இறக்கிட்டு காலியா சேலம் திரும்பும்போது பின்பக்கம் வழுக்குது, நாலு சக்கரத்துக்கும் மட் டயர் போடலாமான்னு கேட்டிருக்கீங்க. வேண்டாங்க. அது சேத்துக்குத்தான், நனைஞ்ச தார் ரோட்டில் பிடிப்பு குறையும். சாதாரண ரோட்டு டயரே போதும், டயர்ல இருக்கிற காடி (பள்ளக் கோடு) ஆழமா இருக்கணும். சட்டத்துக்கு 1.6 மி.மீ. போதும், மலை ஏறுற வண்டின்னா நான் 3 மி.மீ.யிலேயே மாத்திடுவேன். ரெண்டுதான் வாங்க முடியும்னா புதுசு பின்னாடி. கடைக்காரர் முன்னாடி போடச் சொன்னா கேக்காதீங்க.

லோடுக்கு அடிச்ச காத்தோடயேதான் இறங்குறீங்களா? அப்போ பின் டயரில் நடுப்பட்டை மட்டும்தான் தரையில் படும். கதவோரத்து ஸ்டிக்கரில் காலி வண்டிக்குத் தனி அளவு இருந்தா அதுக்குக் குறைங்க. பின் அச்சுக்கு நேர் மேலே ரெண்டு மணல் மூட்டையை நகராம கட்டி வைங்க. 20 கொண்டை ஊசி வளைவுலயும் ரெண்டாம் கியர்தான். பிரேக்கை வளைவுக்கு முன்னாடியே முடிச்சிடுங்க.