மண்ணில் தங்கும் நஞ்சு: எவ்வளவு, எத்தனை காலம்?

பருத்திக்கு எண்டோசல்பான் பூச்சிமருந்து அடித்துவந்தேன். 2010-க்குப் பிறகு தொடவில்லை. 15 வருடத்தில் மண் சுத்தமாகியிருக்குமா?

இந்த மருந்தின் எச்சம் மண்ணில் பாதியாகக் குறைய ஒன்பது மாதத்திலிருந்து ஆறு வருடம் வரை ஆகலாம் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் மதிப்பீடு. ஒன்பது மாதம் என்று வைத்தால் 15 வருடத்தில் 20 முறை பாதியாகிவிடும். மிஞ்சுவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஆறு வருடம் என்று வைத்தால் இரண்டரை முறைதான் பாதியாகியிருக்கும். ஆறில் ஒரு பங்குக்கு மேல் இன்னும் கிடக்கும். ஒரே மருந்து, ஒரே சூத்திரம், விடையில் மட்டும் இத்தனை தூரம்! அதனால் கணக்கை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள், மண்ணைச் சோதியுங்கள். லேப்பில் கொடுக்கும்போது எண்டோசல்பானின் இரு வடிவங்களான ஆல்பா, பீட்டா, அதோடு எண்டோசல்பான் சல்பேட் மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மருந்து சிதைந்து உருவாகும் சல்பேட்தான் அதிக நாள் தங்கும், அதற்கும் நஞ்சு உண்டு. அதை விட்டுவிட்டுத் தரும் ‘இல்லை’ என்ற அறிக்கை உங்களுக்கு உதவாது.

மண்வள அட்டையில் எல்லாம் சரியாக இருக்கிறது. அது போதாதா?

போதாது. அட்டையில் உள்ள 12 அளவுகளும் பயிருக்கான சத்து, கார அமில நிலை, உப்பு, கரிமம் பற்றியவை. ஈயம், காட்மியம், குரோமியம் போன்ற கன உலோகங்கள், பூச்சிமருந்து எச்சம் எதுவும் அதில் வராது.

டிஏபி உரம் போட்டால் காட்மியம் சேரும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். அந்த உரம் செய்யும் பாறைப் பாஸ்பேட்டிலேயே காட்மியம் இருக்கிறது. பாறை எங்கே வெட்டியது என்பதைப் பொறுத்து அளவு மிகவும் மாறும். எடுத்துக்காட்டுக்கு, கிலோவுக்கு 20 மில்லிகிராம் காட்மியம் உள்ள உரத்தை ஏக்கருக்கு வருடம் 100 கிலோ போடுகிறீர்கள் என்று கொள்வோம். சேர்வது 2 கிராம். ஒரு ஏக்கரில் 15 செ.மீ. ஆழத்து மேல்மண் ஏறத்தாழ 8 லட்சம் கிலோ. ஆக, கிலோ மண்ணுக்கு வருடம் 0.0025 மில்லிகிராம் ஏறுகிறது. எந்த லேப்பும் இதை அடுத்த வருடமே கண்டுபிடிக்காது. ஆனால் காட்மியம் சிதைவதில்லை. 40 வருடத்தில் 0.1 மில்லிகிராம் சேர்ந்துவிடும். பயிரும் வடிநீரும் கொஞ்சம் எடுத்துப்போகும் என்பதால் இதை மேல்வரம்பாகக் கொள்ளலாம். புளிப்பு மண்ணாக இருந்தால் காட்மியம் பயிருக்குள் எளிதாக ஏறும், அங்கே கூடுதல் கவனம் வேண்டும்.

ஆம்பூர் பக்கம் நிலம். மண் சோதனையில் குரோமியம் கிலோவுக்கு 2019-ல் 62 மில்லிகிராம், 2023-ல் 85 என்று வந்தது. தோல் தொழிற்சாலைக் கழிவு ஏறிக்கொண்டே போகிறதா?

உங்கள் கவலை நியாயமானது. பாலாற்றுப் படுகை பட்ட பாட்டுக்கு, தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றி 1996-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பே சாட்சி. ஆனாலும் இந்த இரண்டு எண்களை வைத்து ‘ஏறுகிறது’ என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டும் ஒரே லேப்பா? மண்ணை எந்த அமிலத்தில் கரைத்தார்கள்? சாதாரணமாகப் பயன்படுத்தும் ராஜதிராவகம் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை) தாதுக்குள் பூட்டிக்கிடக்கும் குரோமியத்தை முழுதாகக் கரைக்காது; ஹைட்ரோபுளோரிக் அமிலம் சேர்த்தால் அதுவும் வெளியே வரும். முறை மாறினாலே எண் ஏறிவிடும். முதல் தடவை 15 செ.மீ., அடுத்த தடவை 10 செ.மீ. என்று வெட்டியிருந்தாலும் அப்படித்தான்.

வயலை நான்கைந்து பாகமாகப் பிரியுங்கள். பாகத்துக்குப் பத்துப் பதினைந்து இடத்தில் ஒரே ஆழத்தில் எடுத்துக் கலந்து, பாகத்துக்கு ஒரு மாதிரியாகக் கொடுங்கள். வரப்பு, எருக்குழி, மரநிழல் வேண்டாம். துத்தநாகம் பூசிய கருவியும் வேண்டாம். பாகங்களுக்கு இடையிலேயே 20, 25 வித்தியாசம் வந்தால், வருடங்களுக்கு இடையில் வந்த 23-ஐ உயர்வு என்று சொல்ல முடியாது. கழிவுநீர் எட்டாத பக்கத்து மேட்டு நிலத்திலும் ஒரு மாதிரி எடுங்கள். குரோமியம் இயல்பாகவே மண்ணில் உண்டு. குரோமியத்தின் ஒரு வடிவமான ஆறு இணைதிற குரோமியத்தைத் தனியாகக் கேளுங்கள். நீரில் கரைந்து கிணற்றுக்குப் போவதும் அதிக நஞ்சும் அதுதான்.

இன்னொன்றும் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் நிழலில் உலர்த்தி, சலித்த மண்ணில் அரைக் கிலோவைக் கண்ணாடிப் புட்டியில் இறுக மூடி, தேதி, இடம், ஆழம் எழுதி வையுங்கள். அடுத்த சோதனையின்போது பழைய மண்ணையும் புதிய மண்ணையும் ஒரே நாளில், ஒரே லேப்பில் கொடுத்தால் முறை மாறிய சந்தேகமே எழாது. இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து சேமித்த மண்ணை வைத்துத்தான் காட்மியம் ஏறிவந்ததைக் கண்டார்கள். உலோகங்களின் மொத்த அளவுக்கு இப்படிச் சேமிப்பது போதும். பூச்சிமருந்து எச்சத்துக்கும் ஆறு இணைதிற குரோமியத்துக்கும் பழைய புட்டி ஆகாது. புதிதாக எடுத்த மண்ணைக் குளிர்பெட்டியில் வைத்து உடனே அனுப்ப வேண்டும்.