1915 சிங்கப்பூர் சிப்பாய்க் கலகம் என்றால் என்ன? ஏன் நடந்தது?

ஆங்கிலேயரிடம் சம்பளம் வாங்கிய இந்தியச் சிப்பாய்களே தங்கள் அதிகாரிகள் மீது துப்பாக்கியைத் திருப்பியதுதான் சிப்பாய்க் கலகம். முதல் உலகப்போரின்போது சிங்கப்பூரில் 1915 பிப்ரவரி 15 அன்று 5ஆவது லைட் இன்ஃபன்ட்ரி என்ற காலாட்படைப் பிரிவில் பாதிப்பேர் கலகத்தில் இறங்கிவிட்டார்கள்.

காரணம்? அந்தப் பிரிவின் சிப்பாய்கள் எல்லாரும் முஸ்லிம்கள். பிரிட்டனோ துருக்கி சுல்தானுடன், அதாவது அவர்கள் கலீஃபாவாக (முஸ்லிம்களின் சமயத் தலைவராக) மதித்தவருடன், போரில் இருந்தது. மறுநாள் கப்பல் ஏறவேண்டும், போவது ஹாங்காங்குக்கு, ஆனால் அதை யாரும் தெளிவாகச் சொல்லாததால் துருக்கியரைச் சுடத்தான் கூட்டிப்போகிறார்கள் என்ற பேச்சு பரவியது. எந்த ஊர் என்றே சொல்லாமல் 'நாளைக்கு உனக்கு மாற்றல்' என்றால் ஆபீஸில் என்னென்ன வதந்தி கிளம்பும், அதுபோலத்தான். கதர் கட்சிக்காரர்களின் (இந்திய விடுதலைக்காக வெளிநாட்டு இந்தியர்கள் தொடங்கிய புரட்சி இயக்கம்) பிரசாரமும் அதிகாரிகளுக்குள் இருந்த சண்டையும் சேர்ந்துகொண்டன.

டாங்லின் முகாமில் அடைபட்டிருந்த ஜெர்மானியக் கைதிகளை (சென்னையில் குண்டு வீசிய எம்டன் கப்பல் மாலுமிகளும் அதில் உண்டு) சிப்பாய்கள் திறந்துவிட்டார்கள், ஆனால் அந்தக் கைதிகளில் பெரும்பாலோர் கலகத்தில் சேர மறுத்துவிட்டார்கள். கலகம் அடங்கியபின் 47 சிப்பாய்களை அவுட்ராம் சிறைச் சுவரோரம் ஊரார் பார்க்க நிறுத்திச் சுட்டார்கள். கொடுமை.

அப்புறம், பலர் இதை நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது 1942இல், இரண்டாம் உலகப்போரில், ஜப்பானியரிடம் சிக்கிய போர்க்கைதிகளைக் கொண்டு தொடங்கியது.