தீயில் எரிந்த ஹிலாந்தர் மடத்தைத் திரும்பக் கட்ட ஏன் இத்தனை ஆண்டுகள்?

கிரேக்கத்தின் ஆதோஸ் மலையில் இருக்கும் செர்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவ மடம் ஹிலாந்தர். 1198இல் புனித சாவாவும் அவருடைய தந்தையும் செர்பியாவின் முன்னாள் ஆட்சியாளருமான ஸ்டெஃபான் நெமான்யாவும் அதைப் புதுப்பித்து நிறுவினார்கள். 2004 மார்ச் 4ஆம் தேதி அதிகாலை, புகைபோக்கி ஒன்றில் தொடங்கிய தீ மடத்தின் ஏறக்குறைய பாதியை அழித்துவிட்டது.

இப்படிப்பட்ட இடத்தில் மறுகட்டுமானம் என்றால், மிஞ்சிய சுவரைக் காப்பாற்றி, இழந்த பகுதியைப் பழைய பொருளாலும் பழைய முறையாலும் எழுப்புவது. கான்கிரீட்டில் கட்டினால் சீக்கிரம் முடியுமே என்று பலர் கேட்கிறார்கள். பழைய கல் சுவர் ஈரத்தை உறிஞ்சும், பிறகு வெளியே விடும். சுண்ணாம்புக் காரை அதற்கு வழிவிடும், கட்டடம் லேசாக அசைந்தாலும் தாங்கும். சிமெண்ட் இறுக்கமானது. ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, கடைசியில் கல்லே உதிரும். நைந்த பருத்திச் சேலைக்கு ஜீன்ஸ் துணியில் ஒட்டுப் போட்டால் ஒட்டு நிற்கும், சேலைதான் கிழியும். அப்படித்தான் இதுவும்.

அதோடு, சூட்டில் வெடித்த கற்களை ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். உத்திரங்களுக்கு நல்ல செஸ்ட்நட் மரம் தேட வேண்டும். பொருள்களெல்லாம் பெரும்பாலும் கடல்வழியே வர வேண்டும். இந்தப் பொறுமை வீண் அல்ல என்றே நான் உறுதியாக நினைக்கிறேன்.

மடம் முழுவதும் சாம்பலானது என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு: எரிந்தவை பெரும்பாலும் துறவிகளும் விருந்தினர்களும் தங்கும் கட்டடங்கள், செர்பிய மன்னர் மிலுதின் கட்டிய முதன்மைத் தேவாலயமும் அதிலுள்ள, மூன்று கைகளோடு வரையப்பட்ட அன்னை மரியாளின் திருவோவியமும் தப்பின.