வெருண்டு எழும்பும் பிள்ளை: கடிதமும் பதிலும்

மதிப்புக்குரிய ஐயா,

நாங்கள் ஒட்டுசுட்டான் பக்கம் காட்டோரக் கிராமமொன்றில் வசிக்கிறோம். முன்பள்ளிக்குப் போகும் என் மகனுக்கு 5 வயது. இரண்டு மாதங்களாக அவன் விடியப்புறத்தில் அழுதுகொண்டு எழும்பி, யானை வேலியை உடைத்து வந்து அம்மம்மாவைத் தூக்கிக்கொண்டு போனதாகச் சொல்கிறான். வேறு சில இரவுகளில், நித்திரையாகிக் கொஞ்ச நேரத்திலேயே வீரிட்டுக் கத்துகிறான். கண் திறந்திருந்தும் என்னை அடையாளம் தெரியாமல் தள்ளிவிடுகிறான். காலையில் கேட்டால் ஒன்றும் தெரியாது. பார்வை பார்த்து நூல் கட்ட வேண்டும் என்கிறார் என் அம்மா. 2009இல் முள்ளிவாய்க்காலில் இருந்தபோது எனக்கு 11 வயது. இன்றும் அந்தக் கனவுகள் எனக்கு வருகின்றன. என் பயம்தான் பிள்ளைக்கும் வந்துவிட்டதா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் மகனுக்கு இரவில் நேர்வது ஒன்றல்ல, இரண்டு. விடியப்புறத்தில் வருவது கெட்ட கனவு. கனவு மிகுந்த உறக்கம் இரவின் பிற்பகுதியில்தான் நீளும் என்பதால், அவன் அந்நேரத்தில் முழுமையாக விழித்து, கண்டதைச் சொல்லி, உங்கள் மடியைத் தேடுகிறான். படுத்து ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குள் வரும் அலறல் ஆழ்ந்த உறக்கத்திலிருந்து மூளை பாதி மட்டும் விழிப்பதால் உண்டாவது. அப்போது அவன் உங்களைப் பார்ப்பதுபோலத் தோன்றினாலும் உறக்கத்திலேயே இருக்கிறான். அதனால்தான் காலையில் நினைவில்லை. பார்ப்பவருக்கு இது கனவைவிடக் கொடுமையாகத் தெரியும். பிள்ளைக்கோ அது பெரும்பாலும் நடந்ததாகவே தெரியாது.

ஆகவே அந்த அலறலின்போது அவனை உலுக்கவோ, முகத்தில் தண்ணீர் தெளிக்கவோ, இறுக்கிப் பிடிக்கவோ வேண்டாம். விளக்கையும் கூரான பொருள்களையும் எட்ட வைத்துவிட்டு, அவன் விழுந்து அடிபடாமல் பார்த்துக்கொண்டு அருகே இருந்தால் போதும். பெரும்பாலும் சில நிமிடங்களில் தானாக அடங்கி உறங்கிவிடுவான். காலையில் அதைப் பற்றி அவனிடம் துருவிக் கேட்காதீர்கள். உறக்கக் குறைவும் காய்ச்சலும் இந்த அலறலை அதிகரிக்கச் செய்யும். இந்த வயதில் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 10 முதல் 13 மணித்தியாலம் உறக்கம் வேண்டும். இரவு பத்து மணிவரை தொலைபேசியில் படம் பார்த்துவிட்டு முன்பள்ளிக்காக ஆறு மணிக்கு எழும்பும் பிள்ளைகளுக்கு அது எங்கே கிடைக்கிறது?

கனவுக்கு வருகிறேன். நகரத்துப் பிள்ளையிடம் "யானை வராது, படு" என்று சொல்லிவிடலாம். வன்னியின் காட்டோரத்தில் அப்படிச் சொன்னால் அது பொய். முற்றத்துத் தென்னம்பிள்ளை முறிந்து கிடப்பதை அவன் காலையில் பார்க்கிறான். அழுதுகொண்டு எழும்பும் நேரத்தில் அணைத்து, தண்ணீர் கொடுத்து, "நான் பக்கத்தில் இருக்கிறேன், அம்மம்மாவும் இங்கேதான் படுத்திருக்கிறா" என்று காட்டி, மீண்டும் படுக்கவிடுங்கள். பேச வேண்டியதை வெளிச்சத்தில் பேசுங்கள். யானை ஏன் வருகிறது, எந்தப் பக்கத்தால் வருகிறது, வந்தால் ஊரில் யார் யார் எழும்புகிறார்கள் என்பதை வேலியோரம் அவனை நடத்திக்கொண்டு சென்று சொல்லுங்கள். அந்தக் கனவை அவன் வரையட்டும். பிறகு அதன் முடிவை மாற்றச் சொல்லுங்கள். யானை பலாப்பழத்தைத் தின்றுவிட்டுக் காட்டுக்குத் திரும்பலாம், அல்லது அம்மம்மா அதன் முதுகில் ஏறிக் குளத்தைச் சுற்றி வரலாம். முடிவு உங்களுடையதாக இல்லாமல் அவனுடையதாக இருக்க வேண்டும். அந்தப் புதிய கதையைச் சில நாள்கள் பகலில் மீண்டும் மீண்டும் சொல்லிப் பழகுவது கெட்ட கனவுகளுக்கு உளநல மருத்துவர்களே கையாளும் முறைகளில் ஒன்று.

உங்கள் பயம் இரத்தத்தின் வழியே அவனுக்குப் போய்விட்டதா என்பதுதான் உங்களை உறங்கவிடாத கேள்வி என்று நினைக்கிறேன். நீங்கள் கண்டவை அவன் கனவில் ஏறுவதில்லை. ஆனால் யானையை விரட்ட இரவில் ஊரார் யானை வெடி போடும்போது உங்கள் அம்மாவுக்கும் உங்களுக்கும் அது வெறும் வெடியாகக் கேட்காது என்பதை நான் அறிவேன். உங்கள் கை அவனை இறுக்கும் விதத்திலும் மூச்சு நிற்கும் விதத்திலும் அவன் ஆபத்தைப் படித்துக்கொள்கிறான். இதில் உங்கள் குற்றம் எதுவுமில்லை. வெடி கேட்டதும், "அது யானை வெடி. அயலில் மாமா போடுகிறார். அம்மாவுக்குப் பழைய நினைவு வந்து நெஞ்சு அடித்தது, இப்போது சரி" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்குப் போரைப் பற்றி அவ்வளவு போதும். முழுக் கதையையும் பெரியவர்கள் பேசும்போது அவன் பாயில் விழித்திருந்து கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

சோறு தீத்துவதற்காக "யானையிடம் பிடித்துக் கொடுப்பேன்", "பிள்ளை பிடிகாரன் வருவான்" என்று வெருட்டும் வழக்கத்தை உங்கள் வீட்டில் அடியோடு நிறுத்தச் சொல்லுங்கள். இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. பகலில் நாம் விதைக்கும் பயத்தைத்தான் பிள்ளை இரவில் தனியே சுமக்கிறது.

அம்மம்மா திருநீறு பூசித் தேவாரம் பாடி உறங்க வைப்பது நல்லது. அந்தக் குரலே அவனுக்கு ஆறுதல். நூல் கட்டுவதிலும் தீங்கில்லை. ஆனால் பார்வை பார்ப்பவர் பிள்ளையின் காதுபட "பேய் தொட்டிருக்கிறது" என்று சொல்வாரானால் அங்கே கொண்டு போகவே வேண்டாம். ஒரே பாயில் எல்லோரும் படுப்பதை மாற்ற வேண்டிய தேவையும் இல்லை.

இவ்வளவு செய்தும் கனவு வாரம் பலமுறை தொடர்ந்தாலோ, பகலிலும் அவன் உங்களை விட்டு நகரப் பயந்தாலோ, நின்றுபோன படுக்கை நனைத்தல் மீண்டும் தொடங்கினாலோ குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போக அவர் வழி காட்டுவார். அலறலின்போது உடல் விறைத்தால், ஒரே பக்கமாக இழுத்தால், வாயில் நுரை வந்தால் அது வலிப்பாக இருக்கலாம் என்பதால் தாமதிக்காமல் வைத்தியரிடம் கொண்டு போங்கள்; முடிந்தால் அதைத் தொலைபேசியில் படம் பிடித்துக் காட்டுங்கள். உளநலப் பிரிவுக்குப் போக நேர்ந்தால், உங்களுக்கு வரும் கனவுகளைப் பற்றியும் அதே நாளில் சொல்லிவிடுங்கள். அவற்றுக்கும் சிகிச்சை உண்டு. இத்தனை ஆண்டுகள் கடந்தபின் கேட்பதில் தவறேதுமில்லை.